செம்மண்ணுக்கு மேலே சிறு விமானம்

ஆஸ்திரேலியாவின் பரப்பு சுமார் 77 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவைவிட இரண்டு மடங்குக்கும் மேல். மக்கள்தொகையோ இன்னும் 3 கோடியைத் தொடவில்லை. அவர்களிலும் பெரும்பாலோர் கடற்கரையை ஒட்டிய நகரங்களில் வாழ்கிறார்கள். கரையை விட்டு உள்ளே போகப் போக ஊர்கள் அருகி, மரங்கள் குட்டையாகி, மண் சிவந்து, கடைசியில் அடிவானம் வரை வெறும் சமவெளியும் மணல்மேடும்தான் மிஞ்சும். இந்தப் பெருவெளிக்குத்தான் அவுட்பேக் என்று பெயர். அடுத்தடுத்த இரண்டு ஊர்களுக்கு நடுவே 200, 300 கிலோமீட்டர் இருப்பது இங்கே சாதாரணம். சாலைகள் பலவும் மண்சாலைகள். ஒரு நல்ல மழை பெய்தால் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும்.

இந்த நிலத்தைச் சிறு விமானத்தில் சுற்றிப் பார்ப்பது ஆஸ்திரேலியாவில் வெகுகாலமாக இருந்துவரும் ஒரு பொழுதுபோக்கு. இரண்டு அல்லது நான்கு பேர் உட்காரக்கூடிய, ஒற்றை எஞ்சின் கொண்ட விமானம்; சொந்தமாக இருக்கலாம், பறக்கும் கழகத்திலிருந்து வாடகைக்கு எடுத்ததாக இருக்கலாம். பகலில் மட்டும், கண்ணால் நிலத்தைப் பார்த்துக்கொண்டே பறப்பார்கள். மணிக்கு 180 முதல் 220 கிலோமீட்டர் வேகம். பொழுது சாய்வதற்குள் ஏதாவது ஓர் ஊரிலோ கால்நடைப் பண்ணையிலோ இறங்கிவிட வேண்டும். இரவு அந்த ஊர் மதுக்கடையின் மாடி அறையிலோ, பண்ணை வீட்டிலோ, இறக்கைக்கடியில் அடித்த கூடாரத்திலோ கழியும். மறுநாள் காலை அடுத்த ஊர். இப்படி ஒரு வாரம், பத்து நாள் என்று பயணம் நீளும். தனியாகப் போகிறவர்கள் உண்டு. நாலைந்து விமானங்கள் ஒன்றுசேர்ந்து போவதும் உண்டு.

இதற்கான ஓடுபாதைகள் பொழுதுபோக்குக்காகப் பிறந்தவை அல்ல. உட்பகுதி மக்கள் பிழைத்துக் கிடக்க விமானம் தேவைப்பட்டது. அதற்காகப் போட்ட பாதைகள் இவை. முதல் உலகப் போரில் பறந்து திரும்பிய பால் மெக்கின்னஸ், ஹட்சன் ஃபிஷ் என்ற இருவர் 1919-இல் ஒரு ஃபோர்டு காரில் வடக்கு குயின்ஸ்லாந்தைக் கடந்து போனார்கள். இங்கிலாந்து - ஆஸ்திரேலியா விமானப் பந்தயத்துக்கு இறங்கும் இடங்களைத் தேடிய பயணம் அது. சாலையே இல்லாத அந்த நாட்டில் கார் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு, இங்கே விமானம்தான் சரிப்படும் என்று தோன்றியதில் வியப்பில்லை. 1920 நவம்பர் 16 அன்று வின்டன் என்ற சிற்றூரைத் தலைமையிடமாகக் கொண்டு குவான்டாஸ் விமான நிறுவனம் பதிவானது. 1922 நவம்பரில் சார்ல்வில் - கிளான்கரி தடத்தில் அதன் முதல் கால அட்டவணைச் சேவை தொடங்கியபோது, முதல் பயணியாக ஏறியவர் அலெக்சாண்டர் கென்னடி. மாட்டுவண்டிக் காலத்தில் அந்தப் பகுதியில் குடியேறி, 80 வயதைத் தாண்டியிருந்தவர்.

அடுத்து வந்தது பறக்கும் மருத்துவர் சேவை. ஜான் ஃபிளின் என்ற பாதிரியார் பல ஆண்டுகள் விடாமல் முயன்று அதை உருவாக்கினார். 1928 மே 17 அன்று கிளான்கரியிலிருந்து ஜூலியா கிரீக்குக்கு அதன் முதல் விமானம் பறந்தது. அதற்கு மறு ஆண்டு ஆல்ஃபிரட் டிரேகர் வடிவமைத்த, காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் வானொலிக் கருவி பண்ணை வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. மருத்துவரைக் கூப்பிட வழி கிடைத்தது. அவர் வந்து இறங்க இடம் வேண்டுமே? பண்ணைக்குப் பண்ணை புதரை வெட்டி, மண்ணைச் சமன்செய்து, ஓடுபாதை போட்டார்கள். இன்று உல்லாசப் பயணி இறங்குகிற மண்பாதைகளில் பலவும் இந்த வகையைச் சேர்ந்தவைதான்.

பெண்களின் பங்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். லோரஸ் பானி 1932-இல் ஜிப்சி மாத் விமானத்தில் ஆஸ்திரேலியாவைச் சுற்றி வந்தார்; அப்படிச் சுற்றிய முதல் பெண் விமானி அவரே. புகழ்பெற்ற விமானி சார்ல்ஸ் கிங்ஸ்ஃபர்ட் ஸ்மித்திடம் பறக்கக் கற்ற நான்சி பேர்டு, 1935-இல் பர்க் என்ற ஊரைத் தளமாகக் கொண்டு, நியூ சவுத் வேல்ஸின் மேற்கு மூலைகளில் இருந்த குழந்தை நல முகாம்களுக்குச் செவிலியரை ஏற்றிச் சென்றார். அப்போது அவருக்கு 20 வயதுகூட நிரம்பவில்லை. சிட்னியின் மேற்கில் கட்டப்பட்ட புதிய சர்வதேச விமான நிலையத்துக்கு அவர் பெயரைத்தான் சூட்டியிருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ராணுவம் கழித்துவிட்ட டைகர் மாத் பயிற்சி விமானங்கள் பறக்கும் கழகங்களின் கைக்கு வந்தன. பின்னர் அமெரிக்காவின் செஸ்னா, பைப்பர் விமானங்கள் பரவின. செஸ்னா 172 இன்றும் இந்தப் பயணங்களில் நிறையவே தென்படுகிறது. உலகில் வேறெந்த விமானத்தையும்விட அதிகமாக, 44,000-க்கு மேல், தயாரிக்கப்பட்ட மாதிரி அது. அதன் இறக்கை விமானியின் தலைக்கு மேலே இருப்பதால் பக்கவாட்டிலும் கீழேயும் பார்வையை மறைப்பதில்லை. சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு வேகத்தைவிட இது முக்கியம்.

1980-களில் இன்னும் இலகுவான ரகங்கள் பெருகின. அவற்றை ஓட்டுபவர்களின் அமைப்பாக 1983-இல் தொடங்கப்பட்டதுதான் இன்று ரிக்ரியேஷனல் ஏவியேஷன் ஆஸ்திரேலியா என்று அழைக்கப்படுகிறது. இரண்டு இருக்கைக்கு மேல் கிடையாது, பகலில் மட்டுமே பறக்கலாம் என்பவை இதன் அடிப்படை விதிகள். புறப்படும்போது மொத்த எடை 600 கிலோவைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு வெகுகாலம் இருந்து, அண்மையில் 760 கிலோ வரை தளர்த்தப்பட்டிருக்கிறது. குயின்ஸ்லாந்தின் பண்டபெர்க் நகரில் உருவாகும் ஜபிரு விமானங்கள் இந்த வகையில் பேர்பெற்றவை. அவற்றில் ஜே230 என்ற மாதிரி, நான்கு பேர் அமரும் விமானத்தின் உடலில் இரண்டே இருக்கைகளை வைத்துச் செய்தது. பின்னால் கூடாரமும் படுக்கையும் தண்ணீரும் வைக்கத் தாராளமாக இடம் கிடைப்பதால் நெடும்பயணக்காரர்களுக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

ஓட்டுவதற்கான தகுதி இரண்டு வழிகளில் கிடைக்கிறது. மேற்சொன்ன அமைப்பின் சான்றிதழ் ஒன்று. அதற்குக் குறைந்தபட்சம் 20 மணிநேரப் பறப்பு வேண்டும். அரசின் சிவில் விமானப் பாதுகாப்பு ஆணையம் 2014 முதல் வழங்கும் பொழுதுபோக்கு விமானி உரிமம் மற்றொன்று. அதற்குக் குறைந்தது 25 மணிநேரம். நடைமுறையில் பெரும்பாலோருக்கு இதைவிடக் கூடுதலாகவே பிடிக்கிறது. இவற்றைப் பெற்றவுடன் நினைத்த ஊருக்குக் கிளம்பிவிட முடியாது. புறப்பட்ட இடத்திலிருந்து 25 கடல் மைல், அதாவது சுமார் 46 கிலோமீட்டர் தொலைவுக்குள்தான் பறக்கலாம். அதைத் தாண்ட, வழியறிந்து பறக்கும் பயிற்சியைத் தனியாக முடித்துச் சான்று பெற வேண்டும். சுற்றுலாவுக்கான உண்மையான படிப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இவ்வளவும் எதற்காக என்ற கேள்விக்கு விடை நிலத்திலேயே இருக்கிறது. அவுட்பேக்கின் உருவங்கள் தரையில் நிற்பவன் கண்ணுக்குப் பிடிபடாத அளவு பெரியவை. காரில் போகிறவன் ஒரு மணல்மேட்டைப் பார்ப்பான், இன்னொன்றைப் பார்ப்பான், அலுத்துப்போவான். 2,000 அடி உயரத்தில் போகிறவனுக்கு அந்த மேடுகள் ஆயிரத்துக்கு மேல் அணிவகுத்து, ஏர் ஓட்டிய சால்களைப் போல ஒன்றுக்கொன்று இணையாக, வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடுவது தெரியும். சிம்ப்சன் பாலைவனம் அது. செசில் மாடிகன் என்ற நிலவியலாளர் 1929-இல் விமானத்தில் பறந்து ஆராய்ந்த பிறகுதான் அதன் அமைப்பு தெளிவாக விளங்கியது. அதற்குப் பெயர் வைத்தவரும் அவரே. தரைவழியாக அதைக் கடக்க ஒட்டகங்களோடு அவர் கிளம்பியது பத்து ஆண்டு கழித்து, 1939-இல்.

வானிலிருந்துதான் வெளியுலகுக்குத் தெரியவந்தவை வேறும் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் வுல்ஃப் கிரீக் விண்கல் பள்ளம் ஏறத்தாழ 880 மீட்டர் விட்டம் கொண்டது. அந்நிலத்தின் பூர்வகுடிகள் அதைக் கண்டிமலால் என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தார்கள். மற்றவர்கள் கண்ணில் அது பட்டது 1947-இல், ஒரு வான்வழி ஆய்வின்போது. கிம்பர்லி பகுதியில், ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி வரி போட்ட கூம்புக் குன்றுகளின் கூட்டமான பர்னுலுலு, 1983-இல் ஒரு தொலைக்காட்சிக் குழு மேலிருந்து படம்பிடித்த பிறகே நாட்டுக்குப் பரவலாகத் தெரிந்தது. 1987-இல் தேசியப் பூங்காவாகி, 2003-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

எல்லாவற்றுக்கும் மேலாக விமானிகள் தேடிப் போவது காட்டி தாண்டா - ஏயர் ஏரியை. ஆஸ்திரேலியாவின் மிகத் தாழ்ந்த நிலம் இதுதான். கடல் மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் கீழே. பெரும்பாலான ஆண்டுகளில் வெறும் உப்புப் பாளமாகக் கிடக்கும். கண்டத்தின் ஆறில் ஒரு பங்கு நிலத்தின் வடிகால் இங்கேதான் வந்து முடிகிறது. குயின்ஸ்லாந்தில் பெய்யும் பெருமழை டயமன்டினா, ஜார்ஜினா, கூப்பர் ஓடை ஆகிய நீர்வழிகளில் இறங்கி, பத்துப் பதினைந்து கிளைகளாகப் பிரிந்து, பல கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவி, வாரக்கணக்கில் ஊர்ந்து, பெரும்பகுதி மண்ணிலும் வெயிலிலும் கரைந்தபின் மிச்சம்தான் ஏரியை எட்டும். முழுதாக நிரம்புவது மிக அரிது. பதிவான வெள்ளங்களில் மிகப் பெரியது 1974-இல் வந்தது. 2025-இலும் மேற்கு குயின்ஸ்லாந்தைப் புரட்டிப்போட்ட வெள்ளம் ஏரிக்குள் வந்து பாய்ந்தது.

தண்ணீர் வந்ததும் உப்புக்குள் உறங்கிய சிற்றுயிர்கள் விழிக்கும், மீன்கள் பெருகும், கடற்கரையிலிருந்து கூழைக்கடாக்கள் ஆயிரக்கணக்கில் வந்து குஞ்சு பொரிக்கும். அத்தனை தொலைவில் நீர் வந்திருப்பதை அவை எப்படி அறிகின்றன என்பது இன்றும் முழுதாக விளங்கவில்லை. உப்பைத் தாங்கும் பாசியால் நீரின் ஓரங்கள் ரோஜா நிறமாகவும், ஆழத்துக்குத் தக்கபடி பழுப்பாகவும் நீலமாகவும் தெரியும். கரையில் நிற்பவருக்கு இதெல்லாம் ஒரு வெள்ளைக் கோடு. ஏரியின் நீளம் 140 கிலோமீட்டருக்கு மேல். அதைப் பார்க்க வானத்தை விட்டால் வேறு இடம் இல்லை.

அங்கிருந்து தெற்கே மாரி என்ற ஊருக்கு அருகில் இருக்கும் மனித உருவமும் வானிலிருந்தே தெரியவந்தது. வேட்டைக்காரன் ஒருவனின் உருவம் சமவெளியில் 2.7 கிலோமீட்டர் நீளத்துக்குக் கீறப்பட்டிருக்கிறது. 1998 ஜூனில் அவ்வழியே பறந்த ஒரு வாடகை விமானி தற்செயலாகக் கண்டார். வரைந்தது யார் என்பது இன்றுவரை வெளிவரவில்லை. கோடுகள் மங்கிப்போனதால் 2016-இல் மறுபடி உழுது தெளிவாக்கினார்கள்.

பயணத்தின் அளவு எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு தடம் போதும். ஏரிக்கு மேற்கே, ஊடனடாட்டா மண்சாலையில் இருக்கிறது வில்லியம் கிரீக். ஒரு மதுக்கடை, ஓர் ஓடுபாதை, விரல்விட்டு எண்ணக்கூடிய குடியிருப்பாளர்கள், அவ்வளவுதான் ஊர். அங்கிருந்து குயின்ஸ்லாந்து எல்லையில் உள்ள பேர்ட்ஸ்வில்லுக்கு நேர்கோட்டில் சுமார் 450 கிலோமீட்டர். ஏரியின் வடகோடியை ஒட்டி, பாலைவன விளிம்பின்மீது பறந்தால் இரண்டேகால் மணிநேரம். சாலையில் மாரி வழியாகச் சுற்றினால் 700 கிலோமீட்டருக்கு மேல். வண்டியும் வானிலையும் ஒத்துழைத்தால் இரண்டு நாள். பேர்ட்ஸ்வில் ஓட்டல் 1884-இல் திறந்தது. ஓடுபாதை அதற்கு நேர் எதிரே. நூறு பேர் சொச்சம் வாழும் அந்த ஊரில் 1882 முதல் நடந்துவரும் குதிரைப் பந்தயத்துக்கு, செப்டம்பரில் நூற்றுக்கணக்கான சிறு விமானங்கள் வந்து இறங்கும். வரிசை வரிசையாக இறக்கைகள், ஒவ்வோர் இறக்கைக்கடியிலும் ஒரு கூடாரம்.

இந்த அழகெல்லாம் ஒரு கணக்குக்குக் கட்டுப்பட்டது. 600 கிலோ வரம்புள்ள விமானத்தின் வெற்று எடை 350 கிலோ என்று கொள்வோம். மீதி 250. இரண்டு பேர் 160 கிலோ. 100 லிட்டர் பெட்ரோல் 72 கிலோ. மிச்சம் 18 கிலோவுக்குள் துணிமணி, கூடாரம், கருவிகள், தண்ணீர் எல்லாம் அடங்க வேண்டும். பெட்ரோலைக் குறைத்தால் தூரம் குறையும். தண்ணீரைக் குறைத்தால் உயிருக்கு ஆபத்து. கிளம்புமுன் இந்தக் கணக்கை நேர்மையாகப் போடுவதில்தான் விமானியின் தேர்ச்சி தெரியும். ஆகாயத்தில் காட்டும் கைத்திறன் இதற்கு அடுத்தபடிதான்.

அதை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 1929-இல் நடந்தது இன்றும் பாடமாக இருக்கிறது. கிங்ஸ்ஃபர்ட் ஸ்மித்தின் சதர்ன் கிராஸ் விமானம் வடமேற்குச் சேற்றுக் கரையில் இறங்கி, காணாமல் போனதாகத் தேடப்பட்டது. அவரைத் தேடி கீத் ஆண்டர்சனும் பாப் ஹிட்ச்காக்கும் கூக்கபரா என்ற சிறு விமானத்தில் ஏப்ரல் 10 அன்று ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து புறப்பட்டார்கள். திசைகாட்டி சரியில்லை. வானொலி இல்லை. தண்ணீரும் மிகக் கொஞ்சம். தனமி பாலைவனத்தின் மேல் எஞ்சின் கோளாறு வர, இறக்கிவிட்டார்கள். கோளாறைச் சரிசெய்தும் முடித்தார்கள். ஆனால் மென்மணலும் புதரும் சூழ்ந்த இடத்திலிருந்து விமானத்தை மேலே எழுப்ப முடியவில்லை. தாகத்தில் இருவரும் இறந்தார்கள். நடந்ததை ஆண்டர்சன் விமானத்தின் வால்துணியில் எழுதி வைத்திருந்தார். அவர்கள் தேடிப்போன சதர்ன் கிராஸ் ஏப்ரல் 12-ஆம் தேதியே கண்டுபிடிக்கப்பட்டு, அதில் இருந்தவர்கள் உயிரோடு மீண்டிருந்தார்கள். கூக்கபராவின் எச்சங்கள் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன. அவுட்பேக்கில் பறக்க நினைக்கும் ஒவ்வொருவரும் முதலில் அதைப் போய்ப் பார்ப்பது நல்லது.

இன்றைய விதிகளில் இப்படிப்பட்ட சாவுகளின் தடம் இருக்கிறது. மையப் பாலைவனம், கிம்பர்லி போன்றவை தொலைதூரப் பகுதிகள் என்று அறிவிக்கப்பட்டவை. அங்கே பறப்பவர் உயிர்காக்கும் பொருள்களை எடுத்துச் செல்ல வேண்டும். 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் சமிக்ஞை அனுப்பும் அவசரக் கருவியும் வேண்டும். அது ஒலித்தால் கான்பெராவில் உள்ள மீட்பு மையத்துக்குச் செய்தி போய்விடும். கிளம்பும்போதே எத்தனை மணிக்குள் போய்ச் சேர்வோம் என்று விமானப் போக்குவரத்து அதிகாரிகளிடமோ நம்பகமான ஒருவரிடமோ சொல்லிவைப்பார்கள். அந்த நேரத்துக்குள் வந்து சேர்ந்த தகவல் வராவிட்டால் தேடல் தொடங்கும். ஆகவே இறங்கியவுடன் முதல் வேலை, வந்துவிட்டோம் என்று சொல்வது. பல ஊர்களில் கைப்பேசி எடுக்காது. செயற்கைக்கோள் தொலைபேசி அதற்காகத்தான். நடுவழியில் இறங்க நேர்ந்தால் விமானத்தை விட்டு நடந்துபோகக் கூடாது என்பது அழுத்திச் சொல்லப்படும் விதி. மேலிருந்து தேடுபவர்களுக்கு மனிதன் தென்படமாட்டான், வெள்ளை இறக்கை தென்படும். இறக்கையின் நிழலும் உயிர் காக்கும்.

வெயில் இன்னொரு பிரச்சினை. தெற்கு ஆஸ்திரேலியாவின் ஊடனடாட்டாவில் 1960 ஜனவரி 2 அன்று 50.7 டிகிரி செல்சியஸ் பதிவானது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. இறக்கைக்கு அதில் தூக்குவிசை குறைவு, எஞ்சினுக்கும் வலு குறைவு. கடல் மட்டத்து ஓடுபாதைகூட 40 டிகிரி வெயிலில் 3,000 அடி உயரத்தில் இருப்பதுபோல் நடந்துகொள்ளும். காலையில் எளிதாக எழும்பிய விமானம் அதே பாதையில் பிற்பகலில் முனையைத் தாண்டியும் எழாமல் போகலாம். தரையிலிருந்து கிளம்பும் வெப்பக் காற்று விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போடும். செம்புழுதிச் சுழல்கள் நூற்றுக்கணக்கான அடி உயரம் எழும். ஆகவே விடியலில் கிளம்பி, நடுப்பகலுக்குள் இறங்கிவிடுவதே அனுபவசாலிகளின் வழக்கம். பருவமும் அப்படியே: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை உகந்த காலம். கோடையில் தெற்கே வெயில் தாங்காது; வடக்கே மழையும் இடியும்.

அந்த அதிகாலை வேலைகளைக் கிட்ட நின்று பார்த்தால் இந்தப் பொழுதுபோக்கின் குணம் புரியும். விமானி முதலில் காற்றழுத்தக் குழாயின் மூடியைக் கழற்றி உள்ளே பார்க்கிறார். மூடாமல் விட்ட குழாய்க்குள் மண்குளவி ஒரே நாளில் கூடு கட்டிவிடும். கட்டினால் வேகமானி பொய் சொல்லும். அடுத்து, எரிபொருள் தொட்டியின் அடிவாயிலிருந்து கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பெட்ரோலை வடித்து வெளிச்சத்தில் பிடிக்கிறார். விமானப் பெட்ரோல் இளநீலமாக இருக்க வேண்டும். அடியில் தண்ணீர் குமிழியாகத் திரண்டிருந்தால் அது போகும்வரை மறுபடி மறுபடி வடிக்க வேண்டும். பிறகு ஏணிவைத்து ஏறி, குச்சியைத் தொட்டிக்குள் விட்டு எத்தனை லிட்டர் இருக்கிறது என்று அளக்கிறார். மானியின் முள்ளை அவர் நம்புவதில்லை. பகல் பயணத்துக்குக் குறைந்தது 30 நிமிட எரிபொருள் தொடாமல் மிஞ்ச வேண்டும் என்பது விதி. அவுட்பேக்கில் விவரமறிந்தவர்கள் ஒரு மணிநேரத்துக்குக் குறைய வைப்பதில்லை.

எரிபொருள் எங்கே கிடைக்கும் என்பதே பாதையைத் தீர்மானிக்கிறது. பெரிய ஊர்களில் அட்டையைத் தேய்த்து நாமே நிரப்பிக்கொள்ளலாம். சில இடங்களில் 200 லிட்டர் டிரம்மிலிருந்து கைப்பம்பால் ஏற்ற வேண்டும். வடிகட்டியில் ஊற்றாமல் தொட்டிக்குள் விடக் கூடாது. இலகு விமானங்களில் பரவலாக உள்ள ரோட்டாக்ஸ் எஞ்சின் உயர்தரக் கார் பெட்ரோலிலும் ஓடும் என்பது ஒரு வசதி. எங்கே இருந்தாலும் முந்தின நாளே தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். தீர்ந்துபோன டிரம்மை நம்பி வந்தவர் அடுத்த சரக்கு வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

வழி தெரிவதும் எளிதல்ல. இப்போது கைக்கணினியில் வரைபடச் செயலி இருக்கிறது. கூடவே காகித வரைபடத்தையும் பலர் விடுவதில்லை, ஏனெனில் வெயிலில் சூடேறிய கணினி தானே அணைந்துவிடும். கீழே அடையாளம் என்று சொல்ல வேலிக் கோடுகள், இருப்புப்பாதை, ஓர் ஆற்றுப்படுகை, டிங்கோ நாய்களைத் தடுக்கப் போட்ட 5,600 கிலோமீட்டர் நீள வேலி போன்றவைதான். நிரம்பிய ஏரியின் மேல் வேறொரு ஆபத்து காத்திருக்கிறது. காற்றில்லாத நாளில் நீர் அசையாமல் வானத்தைப் பிரதிபலிக்கும். அடிவானக் கோடே மறைந்துவிடும். மேல் எது, கீழ் எது என்று கண் தடுமாறும். தாழப் பறந்து பறவைகளைப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு உயரம் குறைவது தெரியாது. கூழைக்கடாவின் எடை பல கிலோ. மோதினால் கண்ணாடி தாங்காது. ஏரியின் மேல் உயரத்தை விடாமல், கரையைப் பார்வைக்குள் வைத்துப் பறக்கும்படி பயிற்றுநர்கள் சொல்வது இதனால்தான்.

இறங்கும் கலை தனி. முதலில் ஓடுபாதைக்கு மேலாகத் தாழப் பறந்து ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். மாடு நிற்கிறதா, கங்காரு படுத்திருக்கிறதா, மழை அரித்த பள்ளம் இருக்கிறதா, காற்றுப்பை எந்தப் பக்கம் ஊதியிருக்கிறது என்பதெல்லாம் அப்போது தெரியும். கோபுரமோ கட்டுப்பாட்டு அதிகாரியோ கிடையாது. பொது அலைவரிசையில் விமானிகளே ஒருவருக்கொருவர் தம் இருப்பைச் சொல்லிக்கொள்வார்கள். சரளைப் பாதையில் நின்ற இடத்தில் எஞ்சினை முழுவீச்சில் சுழற்றினால் கல் தெறித்து விசிறியைக் கொத்திவிடும்; மெல்ல உருளத் தொடங்கிய பிறகே வேகத்தைக் கூட்ட வேண்டும். வெளிச்சம் போவதற்குக் குறைந்தது 10 நிமிடம் முன்பாக இறங்கிவிட வேண்டும் என்பது பகல் பறப்பின் விதி. அந்தி நேரத்தில்தான் கங்காருக்கள் மேய வெளியே வரும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், இன்னும் முன்னதாக இறங்குவதே புத்திசாலித்தனம். இறங்கியதும் தரையில் ஆணி அடித்து, இறக்கைகளைக் கயிற்றால் கட்டாமல் அகலக் கூடாது.

வெறுமையாகத் தெரிந்தாலும் கீழே இருப்பது யாரோ ஒருவரின் நிலம். பண்ணை ஓடுபாதையில் இறங்க உரிமையாளரிடம் முன்கூட்டி அனுமதி கேட்க வேண்டும். மாட்டு மந்தையின் மேல் தாழப் பறந்து அதைக் கலைத்தால் ஒரு நாள் உழைப்பு வீணாகும். பூர்வகுடிகளின் நிலங்களுக்கு வேறு மரியாதை உண்டு. காட்டி தாண்டா ஆரபனா மக்களின் புனித இடம். ஏரிப் படுகைக்குள் இறங்குவதையும் நீந்துவதையும் அவர்கள் விரும்புவதில்லை. உலுருவைச் சுற்றிப் பறக்கவும் அனங்கு மக்களின் நம்பிக்கைகளை மதித்து வகுத்த வழிமுறைகள் உள்ளன. வரைபடத்தில் குறித்த எல்லைக் கோடுகளைத் தாண்டிப் படம் எடுப்பவர் நல்ல விமானி அல்ல.

உரிமம் இல்லாதவர்களுக்கும் இந்தக் காட்சி மூடப்பட்டதல்ல. வில்லியம் கிரீக், மாரி, பேர்ட்ஸ்வில் ஆகிய ஊர்களிலிருந்து ஏரியைச் சுற்றிக்காட்டும் வாடகை விமானங்கள் பருவகாலத்தில் பறக்கின்றன. கற்றுப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு, பயிற்றுநர் பக்கத்தில் இருக்கக் கைப்பிடியைத் தொட்டு ஓட்டிப் பார்க்கும் முதல் பாடத்தைப் பெரும்பாலான பறக்கும் பள்ளிகள் தருகின்றன. சிட்னியிலும் மெல்போர்னிலும் உள்ள பிள்ளைகளையும் உறவினர்களையும் பார்க்கப் போகும் தமிழர்கள் பலரும் அவ்விரு நகரங்களைச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அடுத்த பயணத்தை மே முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில் வைத்துக்கொண்டு, குயின்ஸ்லாந்தில் அந்த ஆண்டு வெள்ளம் வந்ததா என்று விசாரித்து, வந்திருந்தால் ஏரிக்கு மேல் ஒரு மணிநேரமாவது பறந்து பாருங்கள். ஜன்னல் ஓர இருக்கையை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.